மறக்கத்தானே குடித்தோம்

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் எங்கள் மலையைப் புரட்டிப் போட்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண் சரிந்து பல வீடுகள் புதைந்தன. எங்கள் தோட்டத்தில் உயிர்ச்சேதம் இல்லை. மேல் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருந்ததால் எல்லோரையும் பாடசாலையில் தங்க வைத்தார்கள். மூன்றாம் நாள் இரவு, பக்கத்துப் பாயில் படுத்திருந்த ஒரு தங்கச்சி என் காதருகே வந்து, "அக்கா, தூங்குற குளிசை ஒன்னு வச்சிருக்கீங்களா? கண்ண மூடினா மண் வர்ற சத்தம் கேக்குது" என்றாள். வாசல் பக்கம் ஆண்கள் சிலர் போத்தலைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பதினாறு வருடங்களுக்கு முன் செட்டிகுளம் முகாமில் நானும் இதே கேள்வியை இன்னொரு பெண்ணிடம் கேட்டேன். அவள் இரக்கப்பட்டு ஒரு குளிசை தந்தாள். அந்த ஒரு குளிசையிலிருந்து வெளியே வர எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது. அதனால்தான் சகோதரிகளே, இதை எழுதுகிறேன். நான் வைத்தியரோ ஆசிரியையோ அல்ல. கொழுந்து பறிப்பவள். எங்கள் வீட்டில் நடந்ததையும், கிளினிக்கில் படித்துக்கொண்டதையும் மட்டும் சொல்கிறேன்.

வந்த வழி

என் அப்பாவும் அம்மாவும் பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில். 1977 ஆகஸ்ட் வன்செயலின்போது கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போனார்கள். பிறகு கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். 1977, 1981, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்குப் பின்னும் மலையகக் குடும்பங்கள் இப்படி வன்னிக்குப் போயின. காந்தியம் இயக்கம் பலருக்கு அங்கே குடியேற உதவியது. அடிக்குப் பயந்து போன இடத்தில்தான் யுத்தம் வந்து எங்களைப் பிடித்தது.

நான் அங்கேதான் பிறந்தேன், கலியாணம் முடித்தேன், இரண்டு பிள்ளைகள் பெற்றேன். 2009 ஜனவரியில் கிளிநொச்சி விழுந்தபோது தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்துகொண்டே போனோம். ஏப்ரலில் மாத்தளனில் எங்கள் மூத்தவன் போய்விட்டான். ஆறு வயது. தண்ணீர் கேட்டு அழுதான். அவனுக்காக இவர் கேனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அப்பாவைத் தேடி அவனும் பங்கரை விட்டு ஓடினான். இதற்கு மேல் நான் எழுதவில்லை. மீதி உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான்.

2010இல் முகாமிலிருந்து விட்டபோது, போக ஒரு காணித்துண்டும் மிஞ்சியிருக்கவில்லை. என் தாய்மாமா கடிதம் போட்டு அழைத்தார். முப்பத்துமூன்று வருடங்களுக்கு முன் அம்மா விட்டுவிட்டு ஓடிய அதே தோட்டத்துக்கு நான் மகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். லயத்தில் எங்களுக்கு "வன்னிக்காரங்க" என்று பெயர். எனக்கு மலையில் பெயர் பதிந்தார்கள். இவருக்குத் தோட்டத்தில் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. மரக்கறித் தோட்டங்களில் கூலிக்குப் போனார்.

தீபாவளி வெடி

2011 தீபாவளி. லயத்துப் பையன்கள் விடியற்காலையில் வாசலில் வெடி கொளுத்தினார்கள். முதல் வெடிக்கே இவர் மகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். உடம்பு நடுங்குகிறது, வேட்டி நனைந்துவிட்டது. "படு, படு, தலையைத் தூக்காதே" என்று கத்துகிறார். எட்டிப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். "காலையிலேயே போட்டுட்டாரு" என்றார்கள். அன்று அவர் ஒரு துளியும் குடித்திருக்கவில்லை. குடிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். பத்து மணிக்கு டவுனுக்குப் போனவர் இரவு வந்து விழுந்தார். அன்றிரவு முதல் தடவையாக அலறாமல் தூங்கினார். எனக்கே நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும்.

பிறகு அது ஒவ்வொரு நாளுமாகியது. கால் போத்தல் அரைப் போத்தலாகியது. காசு இல்லாத நாளில் கசிப்பு. என் கைச்சம்பளத்தில் பாதி கடன் கொப்பிக்குப் போனது. இரண்டு தடவை என்மேல் கை வைத்தார். ஒரு தடவை மகளைப் பெட்டிக்கடைக்குக் கசிப்பு வாங்க அனுப்பினார். அவளுக்கு அப்போது ஏழு வயது.

மனவடு என்பது என்ன?

உடம்பில் பட்ட காயம் ஆறினாலும் வடு நிற்கும். மனதில் நிற்கும் வடுவைத்தான் மனவடு என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம் 1993இல் இந்தப் பெயரிலேயே தமிழில் ஒரு நூல் எழுதினார். உலக அளவில் இதை ஒரு நோயாக 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. வியட்நாமில் சண்டையிட்டுத் திரும்பியவர்களின் நிலைமை அதற்கு ஒரு முக்கிய காரணம். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்பது தமிழில் அதன் முழுப்பெயர்.

இதற்கு நாலு அடையாளங்கள் உண்டு. ஒன்று, நடந்தது திரும்பத் திரும்ப வருவது. நினைவாக மட்டுமல்ல, இப்போதே நடப்பதுபோல வரும். கனவிலும் வரும். இரண்டு, அதை ஞாபகப்படுத்தும் இடம், ஆள், பேச்சு எல்லாவற்றையும் தவிர்ப்பது. எங்கள் வீட்டில் தண்ணீர்க் கேனை இவர் தொடவே மாட்டார். சோம்பேறி என்று நான் ஏசியிருக்கிறேன். மூன்று, மனம் கறுத்துப் போவது. தன்மேலேயே குற்றம் சுமத்துவது, யாரிடமும் பாசம் காட்ட முடியாமல் மரத்துப் போவது. நாலு, உடம்பு எப்போதும் உஷாராக இருப்பது. தூக்கமின்மை, திடுக்கிடல், சட்டென்ற கோபம். இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் கெடுத்தால் அது நோய்.

யுத்தத்தைப் பார்த்த எல்லோருக்கும் இது வருவதில்லை. 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில் நூற்றுக்கு 7 பேருக்கு இந்த நோயின் அடையாளங்கள் இருந்தன. மனச்சோர்வின் அடையாளங்கள் 22 பேருக்கும், பதகளிப்பின் அடையாளங்கள் ஏறக்குறைய 33 பேருக்கும் இருந்தன. வந்தவருக்கு மனம் பலவீனம் என்று அர்த்தமில்லை. காய்ச்சல் எல்லோருக்குமா வருகிறது?

குடி எப்படி உள்ளே வந்தது?

கிளினிக்கில் வைத்தியர் விளக்கியபோதுதான் எனக்கு விளங்கியது. ஆபத்து வரும்போது மூளையில் ஒரு மணி அடிக்கும். ஆபத்து போனதும் அது நிற்கவேண்டும். மனவடு உள்ளவருக்கு அந்த மணி நிற்பதில்லை. சாராயம் அந்த மணிக்கு மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடுகிறது. சத்தம் குறைகிறது. கொஞ்ச நேரத்துக்கு.

ஆனால் குடித்துவிட்டுத் தூங்கும் தூக்கம் முழுத் தூக்கம் அல்ல. முன்சாமத்தில் ஆளை அமுக்கும். போதை இறங்கும் பின்சாமத்தில் தூக்கத்தைக் கிழித்துவிடும். அமுக்கி வைத்த கனவுகள் அப்போது கூட்டமாக வரும். விடிந்ததும் கை நடுக்கமும் படபடப்பும். அந்தப் படபடப்பு பழைய பயத்தைப் போலவே இருப்பதால், அதை அடக்க மறுபடியும் குடி. மறக்கத்தானே குடித்தோம் என்று இவர் சொல்வார். உண்மையில் அந்தக் குடிதான் அவரை மறக்க விடவில்லை. துக்கம் ஆறுவதற்கு அழவேண்டும், பேசவேண்டும், நினைக்கவேண்டும். போதையில் இருப்பவருக்கு இந்த மூன்றும் நடப்பதில்லை. 2009இல் நின்ற இடத்திலேயே அவர் நின்றுகொண்டிருந்தார்.

நாங்கள் செய்த பிழை

2013இல் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியபோது, லயத்துப் பெரியவர்கள் இவரைக் கூப்பிட்டுச் சாமி முன்னால் சத்தியம் வாங்கினார்கள். அன்றே குடியை நிறுத்தினார். எனக்குச் சந்தோஷம். மறுநாள் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் இரவு வலிப்பு வந்து வாயில் நுரை தள்ளியது. சாமி குற்றம் என்றார்கள் சிலர். தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினோம்.

அது சாமி குற்றமல்ல. நீண்டகாலம் ஒவ்வொரு நாளும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் ஆள், இடம் தெரியாமல் பிதற்றும் நிலையும் வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகும். அதனால், தினமும் குடிப்பவரை வீட்டில் வைத்துப் பூட்டி நிறுத்தப் பார்க்காதீர்கள். வைத்தியரிடம் காட்டி, மருந்தோடு நிறுத்தவேண்டும். தயமின் என்ற விற்றமினும் அப்போது கொடுப்பார்கள். குடியால் மூளை பழுதாகாமல் இருக்க அது அவசியம்.

உடம்பு தேறியதும் நாங்கள் அலைந்த அலைச்சலையும் சொல்லவேண்டும். ஓரிடத்தில், "முதலில் குடியை முழுதாக விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள், பிறகு மனதைப் பார்க்கலாம்" என்றார்கள். இன்னோரிடத்தில், "இது மனநோய், எங்களிடம் குடிக்கு மட்டும்தான்" என்றார்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் இவர் மறுபடியும் சாராயக் கடைக்குப் போனார்.

இரண்டுக்கும் ஒரே நேரத்தில்

கடைசியில் மனநல கிளினிக்கில் ஒரு பெண் வைத்தியர் கிடைத்தார். அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "குடிய விட்டுட்டு வா, அப்புறம் மனசப் பாக்கலாம்னு சொல்றது, முள்ளு குத்தின காலோட ஓடி வா, வந்தப்புறம் முள்ள எடுக்கலாம்னு சொல்ற மாதிரி. ரெண்டையும் சேர்த்தே பாப்போம்."

இப்படிச் சேர்த்துப் பார்ப்பதுதான் சரி என்று இப்போது உலகெங்கும் வைத்தியர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவில் லிசா நஜாவிற்ஸ் என்ற உளவியலாளர் 2002இல் இதற்கென்றே ஒரு கைநூல் எழுதினார். நடந்த கதையைத் தோண்டுவதற்கு முன், இன்றைக்குப் பாதுகாப்பாக இருக்கப் பழக்குவது அதன் வழி. அவுஸ்திரேலியாவில் மனவடுவும் போதைப் பழக்கமும் சேர்ந்திருந்த 103 பேரிடம் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. போதையை முழுதாக விடாத நிலையிலேயே மனவடுவுக்கும் சேர்த்துச் சிகிச்சை தொடங்கினார்கள். மனவடுவின் வேதனை நன்றாகக் குறைந்தது. பழைய நினைவைத் தொட்டால் போதை கூடிவிடும் என்ற பயமும் பொய்யாகியது.

எங்களுக்கு நடந்ததும் ஏறக்குறைய அப்படித்தான். முதலில் தூக்கம், சாப்பாடு, பாதுகாப்பு. வீட்டில் போத்தல் வைப்பதில்லை, சம்பளம் என் கையில், கை ஓங்கும் நிலை வந்தால் நானும் மகளும் மாமி காம்பராவுக்குப் போய்விடுவது என்று மூன்றையும் வைத்தியர் முன்னால் பேசி முடிவு செய்தோம். மனச்சோர்வுக்கும் பயத்துக்கும் சேர்ட்ரலின் குளிசை தந்தார்கள். அதற்கு அடிமையாவதில்லை. வேலை செய்ய மூன்று நாலு கிழமை எடுக்கும். இடையில் "குணமில்லை" என்று நிறுத்தக்கூடாது.

பயம் வரும்போது செய்ய ஒரு பயிற்சி சொல்லித் தந்தார்கள். இரண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, கண்ணில் படும் ஐந்து பொருளைச் சத்தமாகப் பெயர் சொல்லவேண்டும். "கூடை. அடுப்பு. மகளோட புத்தகப் பை. கம்பிளி. சாமி படம். இது 2009 இல்ல. இது என் காம்பரா."

பிறகுதான் கதை சொல்வது. உளவளத்துணையாளர் முன்னால் இருந்து அந்த நாளை முதலிலிருந்து சொல்லவேண்டும். ஆரம்பத்தில் இவரால் தண்ணீர்க் கேனுக்கு அப்பால் போக முடியவில்லை. ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாக. மூன்றாம் மாதம் முடிவு வரைக்கும் சொன்னார். வெளியே வந்து என் கையைப் பிடித்து, "அவன் தண்ணி கேட்டான், நான் போனேன். அது தப்பில்லதானே புள்ள?" என்றார். நாலு வருடங்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான்.

குடியும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. 2014 மே மாதம் மூன்று நாள் மறுபடி குடித்தார். வைத்தியர் ஏசவில்லை. "மே மாதம் ஒவ்வொரு வருஷமும் வரும். அடுத்த மேக்கு இப்பவே ஆயத்தமாகுவோம்" என்றார். விழுவது தோல்வியல்ல, எங்கே வழுக்குகிறது என்று காட்டும் அடையாளம் என்பதை அன்று படித்தேன்.

என் கதை

இவ்வளவு நேரமும் இவரைப் பற்றியே எழுதியதைக் கவனித்தீர்களா? நானும் அப்படித்தான் இருந்தேன். குடிப்பவர் அவர், திருந்த வேண்டியவர் அவர். முகாமில் தொடங்கிய தூக்கக் குளிசையை நான் நிறுத்தவே இல்லை என்பது யாருக்கும் தெரியாது. டவுனில் ஒரு கடையில் துண்டு இல்லாமலே டயசிபாம் கிடைத்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியது. வெற்றிலைப் பையில் சுருட்டி வைத்திருப்பேன். பெண் குடித்தால் ஊர் சிரிக்கும். குளிசை போட்டால் யாருக்குத் தெரியும்?

2017இல் ஓர் இரவு என் மகள் பெரியவளானாள். பயந்துபோய் என்னை எழுப்பியிருக்கிறாள். உலுக்கியிருக்கிறாள், முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறாள். நான் எழும்பவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இருட்டில் தனியாகப் போய் மாமியின் கதவைத் தட்டினாள். காலையில் நான் கண் விழித்தபோது மாமி அவளைக் குளிப்பாட்டி உட்கார வைத்திருந்தார். மகள் என்னைப் பார்த்து, "நீங்க அஞ்சு போட்டுட்டீங்களோன்னு பயந்துட்டேன்மா. நான் தினமும் எண்ணிப் பார்ப்பேன்" என்றாள். என் மகனை யுத்தம் எடுத்தது. மகளை நானே இழந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கிழமையே இவரோடு கிளினிக்குக்குப் போனேன். இந்தத் தடவை நோயாளி நான். நீண்டகாலம் போட்ட டயசிபாமையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. வலிப்பு வரலாம். மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைத்தார்கள். 2018 முடிவில் கடைசித் துண்டையும் விட்டேன். இதுவும் சாராயமும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். பேரிழப்பு நடந்த முதல் மாதத்தில் தூக்கமின்மைக்கு இந்த வகைக் குளிசைகளைக் கொடுக்கக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே சொல்லியிருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் குடிப்பவரிடம் போதையில் இருக்கும்போது நியாயம் பேசாதீர்கள். காலையில், "ராத்திரி என்ன கனவு?" என்று கேட்டுப் பாருங்கள். கிளினிக்கில் குடியையும் சொல்லுங்கள், யுத்தத்தில் நடந்ததையும் சொல்லுங்கள். ஒன்றை மறைத்தால் மருந்து பிழைக்கும். நீங்களே குளிசையோ, வெற்றிலைக்குள் புகையிலையோ, இரண்டு மிடறோ எடுப்பவரானால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு உண்டு, சிகிச்சை இலவசம். வழி தெரியாவிட்டால் தோட்டத்து மருத்துவ உதவியாளரிடமோ குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேளுங்கள்.

இன்னொன்று. நோய் என்பது அடிப்பதற்கு அனுமதியல்ல. அவர்மேல் இரக்கப்படுங்கள், அடியைத் தாங்கிக்கொண்டிருக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938. மனநல உதவிக்கு 1926. போதைப் பழக்கத்துக்கு 1927. அம்புலன்ஸ் 1990.

பாடசாலையில் குளிசை கேட்ட அந்தத் தங்கச்சிக்கு நான் குளிசை கொடுக்கவில்லை. "எழும்பி உட்காரு, காலைக் கீழ ஊனு" என்றேன். ஐந்து பொருள் சொல்லச் சொன்னேன். கரும்பலகை, வாளி, என் சால்வை என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நாலாவதில் அழுதுவிட்டாள். அன்றிரவு அவள் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம். இவர் எழும்பி வந்து, கேனில் தண்ணீர் பிடித்து, எங்கள் இருவருக்கும் சாயத்தண்ணி போட்டுத் தந்தார். ஜனவரியில் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.